மீன்தொட்டியில் ஒரு பசும்புல்வெளி: மெல்லப் படரும் செடிகளும் நம் பிள்ளைகளும்



எங்கள் பள்ளியின் அறிவியல் மூலையில் இருக்கும் மீன்தொட்டியைப் பற்றி எழுதுமாறு பெற்றோர் சிலர் நெடுநாளாகக் கேட்டு வருகின்றனர். தொட்டியின் அடித்தரையில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் செடிகள் படர்ந்திருக்கின்றனவே, அது எப்படி என்பது அவர்கள் கேள்வி. "நாங்களும் கடையில் வாங்கி நட்டோம் டீச்சர், நட்டது நட்டபடியே நிற்கிறது" என்று ஒரு தந்தை குறைப்பட்டுக் கொண்டார். அவருக்கான விடையை எழுதத் தொடங்கியபோது, மீன்தொட்டியோடு மட்டும் அது நிற்காது என்று தெரிந்துகொண்டேன். ஆகவே இந்தப் பதிவு சற்று நீளமானது. பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். பொறுமைதான் இன்றைய பாடமும்.

கம்பளச் செடி என்பது யாது?

மண்ணையொட்டித் தாழ்வாக வளர்ந்து, ஓடுதண்டுகளால் பக்கவாட்டில் பரவி, தரையை மூடிவிடும் நீர்த்தாவரங்களைக் கடைக்காரர்கள் 'கார்ப்பெட் செடி' என்பர். நம் வீட்டு வாசலில் முளைக்கும் அறுகம்புல்லை நினைத்துக் கொள்ளுங்கள். திருமண வீடுகளில் 'ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி' என்று பெரியோர் வாழ்த்துகிறார்களே, அந்த வேரோடுதல்தான் இச்செடிகளின் வாழ்க்கை முறை. மேலே உயர்வதில்லை, கணுவுக்குக் கணு வேர்விட்டு நகர்ந்து செல்கின்றன.

தோட்டப்புறத்தில் வளர்ந்த பெற்றோருக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் தெரிந்திருக்கும். புதிதாக நட்ட ரப்பர், செம்பனைக் கன்றுகளுக்கு இடையே பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா போன்ற மூடுபயிர்களை விதைப்பார்கள். அவை மண்ணரிப்பைத் தடுக்கும், களையை அடக்கும், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். நீருக்கடியில் நாம் வளர்ப்பதும் ஒருவகை மூடுபயிரே. அடிமண்ணை வேர்களால் பிடித்து வைக்கிறது; மீன்கழிவிலிருந்து உண்டாகும் சத்துகளை உறிஞ்சிக் கொள்கிறது; இறால் குஞ்சுகளுக்கு ஒளிந்துகொள்ள இடம் தருகிறது.

இவ்வகையில் விரைந்து படரும் செடிகளும் உண்டு. ஆமையெனப் படர்வனவும் உண்டு. எங்கள் தொட்டிக்கு இரண்டாம் வகையிலிருந்தே இரண்டைத் தேர்ந்தெடுத்தோம்.

முதலாவது, கிரிப்டோகோரைன் பார்வா. இலங்கைக்கு மட்டுமே உரிய செடி. நெதர்லாந்துத் தாவரவியலாளர் டி விட் 1970ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டார். 'பார்வா' என்றால் இலத்தீன் மொழியில் சிறியது என்று பொருள். தன் பேரினத்திலேயே மிகச் சிறியது இதுதான். தொட்டியில் பெரும்பாலும் ஒரு விரல் உயரத்தைத் தாண்டாது. சேம்பும் சேனையும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். தமிழில் நாட்டு அதிவிடயம் என்று குறிக்கப்படும் கிரிப்டோகோரைன் ஸ்பைரலிஸ் இதன் உறவே. நம் ஜொகூரின் காட்டோடைகளிலும் இந்த உறவினர் சிலர் வாழ்கின்றனர். கிரிப்டோகோரைன் சுல்செய் என்னும் இனம் கோத்தா திங்கிப் பகுதிக்கு உரியது. காடுகள் தோட்டங்களாக மாற மாற, இவற்றின் நிழலோடைகளும் குறைந்து வருகின்றன. ஆகவே ஓடையிலிருந்து எதையும் பிடுங்கி வரக்கூடாது, பண்ணையில் வளர்த்த செடிகளையே வாங்க வேண்டும் என்பதை மாணவர்களுக்கு முதல் விதியாக வைத்தேன்.

இரண்டாவது, நமக்கு நன்கு தெரிந்த ஆரை. ஆம், ஆரைக்கீரைதான். அதன் உறவுச் செடிகளை மீன்தொட்டிக் கடைகளில் 'மார்சிலியா' என்று விற்கிறார்கள். பார்ப்பதற்குக் கீரை போல் இருந்தாலும் இது பெரணி வகை. பூக்காது, விதைக்காது, சிதல்களால் பெருகும். இந்தோனேசியாவின் சுராபாயா நகரில் இக்குடும்பக் கீரையை அவித்து, 'பெச்செல் செமாங்கி' என்று குழம்பு ஊற்றி உண்பார்கள். பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு மாணவியின் பாட்டி தொட்டியை உற்று நோக்கிவிட்டு, "இது எங்க ஆரைக்கீரை ஆச்சே, இதையா காசு கொடுத்து வாங்கினீங்க?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அன்று முதல் அந்தப் பேத்தி அந்தச் செடிக்கு உரிமைக்காரி ஆகிவிட்டாள்.

ஏன் இவ்வளவு மெதுவு?

நான்காம் ஆண்டு அறிவியலில் ஒளிச்சேர்க்கையைக் கற்பிக்கிறோம். ஒளி, நீர், கரிவளி, பச்சையம் என்று மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நீருக்கடியில் நிற்கும் செடிக்கு இந்நான்கில் எது தட்டுப்பாடு என்று கேட்டால்தான் சிந்திக்கத் தொடங்குவார்கள். நீருக்குக் குறைவில்லை. கரிவளியே பெருஞ்சிக்கல். காற்றில் பரவுவதைக் காட்டிலும் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே கரிவளி நீரில் பரவுகிறது. இலையருகே இருந்ததை எடுத்துக்கொண்ட பின், அடுத்தது வந்து சேரும்வரை செடி காத்திருக்க வேண்டும்.

அடுத்தது ஒளி. கம்பளச் செடி தொட்டியின் அடியில் வாழ்வது. மேலே மிதக்கும் செடிகளும், பின்னால் உயர்ந்து நிற்கும் செடிகளும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய ஒளிதான் அதற்கு வந்து சேரும். மூன்றாவது, இலையின் அளவு. பார்வாவின் இலை நீருக்கடியில் குறுகி, ஏறக்குறைய இலைக்காம்பு மட்டுமே என்னும் நிலைக்கு வந்துவிடும். சிறிய அடுப்பில் பெரிய பந்திக்குச் சமைக்க முடியுமா? சமைக்கிற சிறிதளவு உணவையும் அது முதலில் வேருக்கே அனுப்புகிறது. வேர் பிடித்த பிறகே ஓடுதண்டு. ஆகவே முதல் சில மாதங்களில் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுமே நடவாததுபோல் தோன்றும்.

இன்னொரு செய்தியையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். கடைக்கு வரும் செடிகளில் பெரும்பாலானவை பண்ணைகளில் நீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கப்பட்டவை. அவற்றை நீருக்குள் வைத்தவுடன் பழைய இலைகள் பயனற்றுப் போகின்றன. கிரிப்டோகோரைன் வகைகளில் இலைகள் கூழாகக் கரைந்தே போவதுண்டு. செடி இறந்துவிட்டது என்று எண்ணிப் பலர் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். வேர் உயிரோடிருக்கும். தொந்தரவு செய்யாமல் விட்டால், சில வாரங்களில் நீருக்கேற்ற புதிய இலை எழும்பும்.

நாங்கள் செய்தவை

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்காக வரிசையாகத் தருகிறேன்.

1. தொட்டி: நீளம் 60, அகலம் 30, உயரம் 36 சென்டிமீட்டர். கொள்ளளவைக் கணக்கிடும் பொறுப்பை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தேன், 64.8 லிட்டர். அதைச் சன்னலோரம் வைக்கவில்லை. நம் ஊர் வெயில் நேராகப் பட்டால் நீர் சூடாகும், பாசியும் பெருகும்.

2. மண்: நீர்த்தாவரங்களுக்கென விற்கும் சிறுமணி மண்ணை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்திற்குப் பரப்பினோம். பெரிய கூழாங்கற்களில் இச்சிறு வேர்கள் பற்றிக்கொள்ள இயலா. கிரிப்டோகோரைன் வேர்வழியாகவே மிகுதியாக உண்ணும் செடி. எனவே மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை உர உருண்டைகளை மண்ணுக்குள் புதைக்கிறோம்.

3. நடவு: திசு வளர்ப்புக் குவளைகளில் வரும் செடிகளை வாங்கினோம். அவற்றில் நத்தை முட்டையோ பாசியோ இருக்காது. ஒரு குவளையை அப்படியே ஒரே இடத்தில் நடுவதைவிட, சிறு சிறு கன்றுகளாகப் பிரித்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் நடுவதே சிறந்தது. பத்து இடங்களிலிருந்து படர்வது ஓரிடத்திலிருந்து படர்வதைக் காட்டிலும் விரைவாகத் தரையை மூடும். நடுவதற்கு நீண்ட இடுக்கி தேவை. பிள்ளைகளின் மெல்லிய விரல்கள் இதில் நம்மைவிடத் திறமையானவை.

4. நீரில்லாத் தொடக்கம்: முதல் 6 வாரங்கள் தொட்டியில் நீர் நிரப்பவில்லை. மண்ணை மட்டும் ஈரமாக வைத்து, வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடினோம். காற்றிலுள்ள கரிவளி தாராளமாகக் கிடைப்பதால் செடிகள் எளிதாக வேரூன்றும். நாள்தோறும் சில நிமிடங்கள் தாளைத் திறந்து காற்றோட்டம் தர வேண்டும். இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும். மண்ணின்மேல் நீர் தேங்கவும் கூடாது. ஏடிஸ் கொசு எங்கே முட்டையிடும் என்பதை நம் நாட்டில் எந்தப் பள்ளியும் மறக்க முடியாது.

5. நீர் நிரப்பிய பின்: குழாய்நீரின் குளோரினை நீக்கிய பிறகே ஊற்றினோம். முதல் மாதத்தில் வாரம் இருமுறை பாதி நீரை மாற்றினோம். புதிய மண் தொடக்கத்தில் அமோனியாவை வெளியிடுவதால் மீன்களை உடனே விடக்கூடாது. நீர் சீரானபின் ஒரு சிறு கூட்டம் ஹார்லிகுவின் ராஸ்போரா மீன்களை விட்டோம். இவை தீபகற்ப மலேசியாவின் காட்டோடைகளிலும் இயல்பாக வாழ்பவை. மீன் வரும்வரை தொட்டியின் வாயில் நுண்வலை கட்டியிருந்தோம்.

6. ஒளியும் வெப்பமும்: எல்.ஈ.டி. விளக்கு முதலில் நாளுக்கு 6 மணி நேரம், பிறகு 8 மணி நேரம். நேரக்கருவி பொருத்திவிட்டால் பள்ளி விடுமுறையிலும் கவலையில்லை. நம் ஊரில் தொட்டிநீர் 29, 30 பாகையைத் தொடுவது இயல்பு. நீர்மட்டத்தின்மேல் வீசும்படி ஒரு சிறு விசிறி வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆவியாகிய நீரை ஈடுசெய்ய மறக்கக்கூடாது.

7. துணைச்செடி: முதல் சில மாதங்களுக்குப் பின்வரிசையில் ஹைட்ரில்லாவை நட்டோம். விரைந்து வளரும் அது, மிகுதியான சத்தை உறிஞ்சிப் பாசிக்கு இடங்கொடாமல் காத்தது. கம்பளச் செடிகள் நிலைத்தபின், நிழல் விழாதபடி சிறிது சிறிதாக அகற்றினோம்.

கரிவளி உருளை நாங்கள் பயன்படுத்தவில்லை. வகுப்பறையில் அழுத்த உருளை வைப்பதை நான் விரும்பவில்லை. அது இன்றி வாழக்கூடிய செடிகளைத் தேர்ந்தெடுத்ததன் காரணமும் அதுவே. வீட்டில் உருளை வைத்திருப்போர் இன்னும் விரைவான வளர்ச்சியைக் காண்பர். ஆனால் ஒன்று: ஒளியை மட்டும் கூட்டிக் கரிவளியையும் சத்தையும் கூட்டாமல் விட்டால், அந்த ஒளியைச் செடி உண்ணாது, பாசிதான் உண்ணும்.

பிடுங்கிப் பார்க்கும் கைகள்

இச்செடிகளுக்குப் பெரும் பகை எதுவென்று கேட்டால், பாசியும் நத்தையும் பிறகுதான். முதற்பகை நம் கைகளே. "டீச்சர், இது செத்துப்போச்சா?" என்று நாளுக்கு நான்கு பேர் கேட்டார்கள். வேர் விட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க எல்லாக் கைகளும் துடித்தன. ஒரு முறை பிடுங்கினால் மயிரிழை போன்ற வேர்கள் அறுந்துவிடும். செடி மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். வாரந்தோறும் பிடுங்கப்படும் செடி வாரந்தோறும் முதல் நாள் செடியே.

பார்க்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தரலாம். ஒவ்வொரு புதன்கிழமையும் புறப்பாட நடவடிக்கை நேரத்தில், அறிவியல் கழக மாணவர்கள் ஒரு குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதினர்: புதிய இலை உண்டா? அதன் நிறம் என்ன? கண்ணாடியோரம் மண்ணுக்குள் வெள்ளை நூல்போல் ஓடுதண்டு தெரிகிறதா? தொட்டியின் பக்கக் கண்ணாடி வழியே வேர்களைக் காணலாம் என்பதால், பிடுங்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

நீர் நிரப்பிய முதல் 6 வாரங்களில் இலைகளின் எண்ணிக்கை கூடவில்லை, குறைந்தது. நாற்கூறு இலைகளோடு அழகாக நின்ற ஆரை, அவற்றை ஒவ்வொன்றாக இழந்தது. பின்னர் எழுந்த இலைகளில் நான்கு கூறுகள் இல்லை. சில ஒற்றை மடலாக, சில இரண்டு மூன்று மடலாக, கரண்டி போன்ற வடிவில் இருந்தன. "வேறு செடி முளைத்துவிட்டது" என்றான் ஒருவன். அதே செடிதான், நீருக்கேற்ப இலையை மாற்றிக்கொண்டது என்று விளக்கியபோது அவன் முகத்தில் கண்ட வியப்பைப் பாடநூலின் எந்தப் படமும் தந்திருக்காது. நான்காம் மாதத்தில் குறிப்பேட்டின் மூன்றாம் கேள்விக்கு முதன்முறையாக 'ஆம்' என்ற விடை வந்தது. தரை முழுவதும் மூட ஓராண்டுக்கு மேலாயிற்று.

மெதுவும் தேக்கமும்

இனி நான் சொல்ல விரும்பிய முதன்மைச் செய்திக்கு வருகிறேன். 'பொறுத்திருங்கள், தானாக வளரும்' என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். மெதுவாக வளரும் செடியும் வளராமல் தேங்கி நிற்கும் செடியும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். முன்னதற்கு நாம் தர வேண்டியது காலம். பின்னதற்குத் தர வேண்டியது உதவி. தேங்கிய செடிக்குக் காலத்தை மட்டும் கொடுத்தால் அது மெல்லச் செத்துப்போகும். மெதுவான செடியை ஓயாமல் இடம் மாற்றினால் அதுவும் செத்துப்போகும். எது எது என்று எப்படி அறிவது?

பழைய இலையைப் பார்க்காதீர்கள். புதிய இலையைப் பாருங்கள். பழைய இலை நேற்றைய கதை. புதிய இலை சிறிதேயாயினும் பச்சையாக, முந்தியதைவிடத் திடமாக வந்தால், செடி நலமாயிருக்கிறது, விட்டுவிடுங்கள். புதிய இலை வெளிறி வந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று ஐயுறலாம். பழைய இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். இலையில் ஊசித்துளைகள் விழுந்தால் சாம்பல்சத்தைக் கவனிக்க வேண்டும். தாழ்ந்து படர வேண்டிய ஆரை, கழுத்தை நீட்டி மேல்நோக்கி எழுந்தால், அது ஒளிக்காக ஏங்குகிறது. பல வாரங்களாகப் புதிய இலையே இல்லை, பழைய இலையில் பாசி படிகிறது என்றால், அது மெதுவு அன்று, தேக்கம்.

இரண்டு பிள்ளைகள்

இதே கேள்வியை வகுப்பறையிலும் நாள்தோறும் எதிர்கொள்கிறோம். அடையாளம் தெரியாதவாறு இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவன். வகுப்பில் வாசிப்பில் கடைசி. அவன் தாயார் ஒரு நாள் வந்து, "டீச்சர், இவனை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமென்று இருக்கிறோம். தமிழ் இவனுக்கு வரவில்லை" என்றார். சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது. தமிழ்ப்பள்ளியில்தான் பிள்ளையைச் சேர்ப்பேன் என்று உறவினரிடம் வாதாடிச் சேர்த்தவர் அவர். இப்போது அதே உறவினர் அவரைக் கேலி பேசுகின்றனர்.

அவனுடைய குறைநீக்கல் வகுப்புப் பதிவேட்டை எடுத்து அவர் முன் விரித்தேன். ஆண்டின் தொடக்கத்தில் அவன் வாசித்தவை அகர வரிசையும் துணைக்கால் எழுத்துகளும் மட்டுமே. மூன்று மாதங்கழித்து இகர, ஈகார வரிசைகள் சேர்ந்திருந்தன. அடுத்து உகர, ஊகாரங்கள். அவன் தடுக்கி நின்ற இடம் கொம்பு. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னே எழுதப்படுகின்றன. ஒலியோ பின்னே வருகிறது. 'கெ' என்னும் எழுத்தில் கண் முதலில் காண்பது கொம்பு. வாய் முதலில் சொல்ல வேண்டியது ககர மெய். கொ, கோ, கௌ என்னும்போது இரு பக்கமும் குறியீடு. இந்த முரண் பெரியவர்களாகிய நமக்குப் பழகிப்போய்க் கண்ணில் படுவதில்லை. இடமிருந்து வலமாக ஒழுங்காகச் செல்லும் ஒரு சிறுவனுக்கு அது உண்மையான இடறல்.

"இவனுக்கு ஒவ்வொரு பருவத்திலும் புதிய இலை வந்திருக்கிறது அம்மா. சிறியதுதான், ஆனால் வந்திருக்கிறது. இப்போது பிடுங்கி வேறு மண்ணில் நட்டால், புதிய மொழி, புதிய இடம், புதிய முகங்கள். மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்குவான்" என்றேன். முடிவு உங்களுடையது என்றும் சொன்னேன். ஏனெனில் அது உண்மையிலேயே பெற்றோரின் முடிவு. அவர் கணவரிடம் பேசிவிட்டு, ஆண்டிறுதிவரை பார்க்கலாம் என்றார். கொம்பு எழுத்துகளை மட்டும் நாளுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டோம். வீட்டிலும் தாயார் அதே பத்து நிமிடம். ஆண்டிறுதியில் அவன் ஒரு பத்தியைத் திக்கித் திக்கி, ஆனால் முழுமையாக வாசித்தான். இன்றும் அவன் வகுப்பில் விரைவானவன் அல்லன். நூலகத்தில் தானே புத்தகம் எடுக்கிறான்.

மற்றொரு மாணவி. இவளும் பின்தங்கியவளே. ஆனால் இவள் பதிவேடு வேறு கதை சொன்னது. வாய்மொழியாகக் கேட்டால் விடை சரியாக வரும். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் பிழை மலியும். பல மாதங்களாக எழுத்தில் புதிதாக ஒன்றும் சேரவில்லை. இது மெதுவு அன்று, தேக்கம் என்று தோன்றியது. வெளிச்சம் போதாத செடி கழுத்தை நீட்டுவதுபோல், அவளும் கண்ணைச் சுருக்கிக் கழுத்தை நீட்டியே எழுதினாள். கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோரிடம் கேட்டுக்கொண்டேன். கிட்டப்பார்வை. மூக்குக்கண்ணாடி வந்த சில வாரங்களில் அவள் எழுத்துகள் நேராயின. 'பொறுங்கள், தானாக வரும்' என்று இவளைப் பற்றிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எல்லாத் தேக்கத்திற்கும் மூக்குக்கண்ணாடி தீர்வாகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். செவித்திறன், போதிய உறக்கமின்மை, வீட்டுச் சூழல், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடு என்று காரணங்கள் பல. பல மாத முயற்சிக்குப் பின்னும் புதிய இலை வரவில்லையென்றால், மருத்துவரையோ சிறப்புக் கல்வி ஆசிரியரையோ நாடுவதில் வெட்கமில்லை. அன்புள்ள பெற்றோரே, 'நம் பிள்ளைக்கு அப்படியெல்லாம் இருக்காது' என்ற சொல்லால் ஆண்டுகள் வீணாகின்றன.

பக்கத்துத் தொட்டி

மீன்தொட்டிக் கலையைப் பற்றிப் பேசும்போது ஜப்பானியர் தக்காஷி அமானோவைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1954இல் பிறந்து 2015இல் மறைந்த அவர், தம் நூல்களாலும் நிழற்படங்களாலும் நீருக்கடியில் புல்வெளியும் மலையும் காடும் அமைக்கும் கலையை உலகெங்கும் பரப்பினார். போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நீர்க்காட்சியகத்தில் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளமுடையது. அத்தகைய படங்களைப் பார்த்துவிட்டுத்தான் நம்மில் பலர் தொட்டி வாங்குகிறோம். அந்தப் படத்தில் தெரியாதவை எத்தனையோ: கரிவளி உருளை, வல்லொளி விளக்குகள், நாள்தோறும் கத்தரிக்கும் கைகள், படம் எடுப்பதற்கு முன் கழிந்த மாதங்கள்.

நம் பிள்ளைகளையும் பக்கத்துத் தொட்டியோடுதான் ஒப்பிடுகிறோம். ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. எத்தனை 'ஏ' என்ற கேள்வி அத்துடன் ஓயும் என்று எண்ணினோம். ஓயவில்லை, புலனக் குழுக்களில் வேறு உருவங்களில் தொடர்கிறது. "அண்ணன் மகள் இந்த வயதில் செய்தித்தாளே படித்தாள்" என்ற ஒரு சொல், மண்ணுக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளை வேரை அறுத்துவிடப் போதுமானது. ஒப்பிட வேண்டுமென்றால், பிள்ளையை அதன் மூன்று மாதத்திற்கு முந்திய ஏட்டோடு ஒப்பிடுங்கள். அந்த ஒப்பீடுதான் நாம் செய்ய வேண்டியதை நமக்குச் சொல்லும்.

நிறைவாக

வீட்டில் இச்செடிகளை வளர்க்க விரும்பும் பெற்றோருக்கு ஒரு செய்தி. எங்கள் கம்பளம் இப்போது நெருங்கிவிட்டது. அடர்ந்த பகுதிகளில் மேலே வெளிச்சமும் அடியில் நீரோட்டமும் குறையும். எனவே ஆண்டுக்கொருமுறை சிறு துண்டுகளாக எடுத்துக் கலைத்துக் கொடுக்க வேண்டும். நன்கு வேரூன்றிய, இரண்டு மூன்று குருத்துகள் கொண்ட கன்றுகளையே எடுப்போம். இளங்கன்றுகளை அசைக்க மாட்டோம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்று அவை அறிவியல் மூலையில் ஈரத்தாளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். விருப்பமுள்ளோர் எடுத்துச் செல்லலாம், விலையில்லை. ஒரே ஒரு நிபந்தனை: உடன் வரும் தாளில் உள்ள மூன்று கேள்விகளுக்கும் வாரம் ஒருமுறை உங்கள் பிள்ளையே விடை எழுத வேண்டும்.

முதல் சில வாரங்களில் மூன்றுக்கும் 'இல்லை' என்றே வரும். கலங்க வேண்டாம். தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை